கல்லூரியில் 20 புள்ளி, கிளப்பில் எத்தனை நிமிடம்?

வாசகர் கேள்வி:

ஐயா, வணக்கம். நான் பகாவ் வட்டாரத்துத் தோட்டத்துப் பிள்ளை. வயது 23. அப்பாவுக்குச் செம்பனைக் குலை அறுக்கும் வேலை. அம்மா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறார். நான்காம் படிவத்தில்தான் கூடைப்பந்தைக் கையில் எடுத்தேன். இயந்திரப் பொறியியல் படித்த நான்கு ஆண்டுகளும் பல்கலைக்கழக அணிக்கு ஆடினேன். கடைசி இரண்டு ஆண்டுகள் அணித்தலைவன். ஆட்டத்துக்கு 20 புள்ளிக்குக் குறையாமல் எடுப்பேன். உயரம் 181 சென்டிமீட்டர். அண்மையில் ஒரு கிளப்பின் தேர்வுக்குப் போனேன். அன்று நடந்த ஆட்டங்களில் அதிகப் புள்ளி எடுத்தது நான்தான். ஆனாலும் அழைப்பு வரவில்லை. நம்மவன் என்பதால் ஒதுக்கிவிட்டார்களோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. இப்போது முகவர் ஒருவர், 4,800 ரிங்கிட் கட்டினால் வெளிநாட்டில் தேர்வுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். அம்மா நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். அப்பாவோ, செம்பனை ஆலையில் கிடைத்திருக்கும் வேலையில் உடனே சேரச் சொல்கிறார். அமெரிக்காவில் கல்லூரியில் ஆடினால் நேராக அங்குள்ள தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படி ஒரு வழியே இல்லையா?

பதில்:

தம்பி, அம்மாவின் நகை அலமாரியை விட்டு வெளியே வர வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் நிதானமாகப் பேசலாம். இதை மட்டும் இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒழுங்கான முகவர் ஆட்டக்காரனிடம் முன்பணம் கேட்பதில்லை. ஆட்டக்காரனுக்கு ஒப்பந்தம் கிடைத்த பிறகு அந்தத் தொகையிலிருந்து ஒரு பங்கு அவருக்குப் போகும். அதுதான் அவருடைய பிழைப்பு. அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபா முகவர்களுக்குத் தேர்வு வைத்து உரிமம் கொடுக்கிறது. உரிமம் பெற்றவர்களின் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்களிடம் பேசியவரின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எந்தக் கிளப், எந்தத் தேதி, அந்தக் கிளப்பே உங்கள் பெயருக்கு எழுதிய அழைப்புக் கடிதம் எங்கே என்று கேளுங்கள். நாடு விட்டு நாடு போய் ஆட வேண்டுமானால் நமது தேசியச் சங்கத்தின் விடுப்புக் கடிதமும் வேண்டும். அதைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொன்னாரா? 4,800 ரிங்கிட் என்பது உங்கள் அப்பா எத்தனை மாதம் குலை அறுத்த பணம் என்று எனக்குத் தெரியும். அதைத் தேர்வுக் கட்டணம் என்ற பெயரில் ஒருவர் கூசாமல் கேட்கிறார் என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஆசிய லீக்குகளில் ஓர் அணிக்கு வெளிநாட்டு ஆட்டக்காரருக்கான இடங்கள் ஒரு சிலதான். அந்த இடத்துக்குக் கிளப்புகள் பெரும்பாலும் தேடுவது இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான அமெரிக்கர்களை. அவர்களும் உங்களைப் போலக் கல்லூரியில் ஆடி முடித்தவர்கள்தான், என்.பி.ஏ.வில் இடம் கிடைக்காமல் உலகம் முழுவதும் பரவியிருக்கிறார்கள். 181 சென்டிமீட்டர் உயரமுள்ள மலேசியக் காவலாட்டக்காரரை (கார்டு, வெளியே நின்று பந்தைக் கொண்டுவருபவர்) அந்த இடத்துக்கு விமானச் சீட்டு கொடுத்து அழைக்கும் கிளப் இருப்பதாக நான் நம்பவில்லை. உங்களுக்கான கதவு இந்த நாட்டுக்குள்தான் இருக்கிறது, உள்நாட்டு ஆட்டக்காரர் என்ற இடத்தில்.

அமெரிக்காவில் நேராகப் போய்விடுகிறார்கள் என்கிறீர்கள். தொலைக்காட்சியில் பார்க்கும்போது அப்படித்தான் தெரியும். அங்கே கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில் மட்டும் 350-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஆடுகின்றன. புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுத்துக்கொள்ளும் என்.பி.ஏ.வின் ஆண்டுத் தேர்வில் (டிராஃப்ட்) அழைக்கப்படும் பெயர்களோ, இரண்டு சுற்றிலும் சேர்த்து ஏறத்தாழ 60. அதிலும் ஒரு பகுதி ஐரோப்பாவிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வருபவர்களுக்குப் போய்விடும். 30 அணிகள், அணிக்கு 15 பேர், அதோடு என்.பி.ஏ. அணிக்கும் கீழ்நிலை லீக் அணிக்கும் மாறி மாறி ஆடும் இருவழி ஒப்பந்தத்தில் மூன்று பேர். மொத்த இடமே இவ்வளவுதான். அவற்றிலும் பெரும்பாலானவற்றில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. அமெரிக்காவுக்கு வெளியே வளர்ந்த ஆட்டக்காரர் 22 வயதாகும் ஆண்டில் அந்தத் தேர்வுக்குத் தானாகவே தகுதி பெறுகிறார் என்பது விதி. அப்படிப் பார்த்தால் உங்கள் முறை உங்களுக்கே தெரியாமல் வந்து போய்விட்டது. உங்கள் மனத்தை நோகடிக்க இதைச் சொல்லவில்லை. அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றால் பக்கத்தில் திறந்திருப்பது கண்ணில் படாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் இந்திய வம்சாவளியில் என்.பி.ஏ. ஆட்டத்தில் முதன்முதலாக இறங்கியவர் கனடாவில் பிறந்த சிம் புல்லர். உயரம் 2.26 மீட்டர். நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடினார். 2014 தேர்வில் அவர் பெயர் அழைக்கப்படவில்லை. கீழ்நிலை லீக்கில் ஆடி, 2015 ஏப்ரலில் சாக்ரமென்டோ கிங்ஸ் அணியில் பத்து நாள் ஒப்பந்தம் பெற்றார். மூன்றே ஆட்டங்களில் களமிறங்கினார். பிறகு தைவானுக்குப் போய் அங்கே பல பருவங்கள் ஆடினார். அவ்வளவு உயரமானவருக்கே பாதை அப்படி வளைந்து போயிருக்கிறது.

ஆனால் தேர்வில் அழைக்கப்படாமலே நிலைத்துவிட்டவர்களும் உண்டு. உங்களுக்குப் பாடம் அவர்களிடம்தான் இருக்கிறது. யுடோனிஸ் ஹாஸ்லெம் 2002-இல் யாரும் எடுக்காததால் பிரான்ஸுக்குப் போனார். அங்கே ஒரு பருவம் ஆடி, உடல் எடையைக் குறைத்துத் திரும்பினார். மயாமி ஹீட் அணியில் சேர்ந்து 20 பருவங்கள் அங்கேயே இருந்தார். மூன்று முறை வாகை சூடினார். டங்கன் ராபின்சன் மூன்றாம் பிரிவுக் கல்லூரி ஒன்றில் தொடங்கி, மிச்சிகனுக்கு மாறி, 2018-இல் அழைக்கப்படாமல், இருவழி ஒப்பந்தத்தில் உள்ளே நுழைந்தவர். அவருடைய தொழில் ஒன்றுதான்: ஓடி வந்து பந்தைப் பிடித்த நொடியில் தூரத்திலிருந்து எறிவது. அலெக்ஸ் கரூசோ 2016-இல் விடுபட்டவர்; கீழ்நிலை லீக்கிலிருந்து ஏறி வந்து 2020-இல் லேக்கர்ஸோடும் 2025-இல் ஓக்லஹோமா சிட்டியோடும் வெற்றிக் கோப்பையைத் தொட்டார். புள்ளி எடுப்பதற்காக அவரை யாரும் கூலி கொடுத்து வைத்திருக்கவில்லை. எதிரணியின் சிறந்த காவலாட்டக்காரனை நிம்மதியாக ஆட விடாமல் செய்வதற்காக வைத்திருக்கிறார்கள்.

உங்கள் தேர்வு நாளுக்கு வருகிறேன். அதிகப் புள்ளி எடுத்தும் ஏன் அழைக்கவில்லை? அந்தக் கிளப்பில் அன்று நான் இல்லை. ஆனால் தேர்வு மேசையில் தாளும் பேனாவுமாக உட்காருவது என் தொழில்; அங்கே எதை எழுதுகிறோம் என்று சொல்ல முடியும். யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதைக் கணக்குப் பலகையே சொல்லிவிடும். அதற்குப் பயிற்றுநர் தேவையில்லை. நாங்கள் பார்ப்பது ஏறத்தாழ நான்கு வினாடிக்குள் நடந்து முடிகிற ஒரு காட்சியை.

நீங்கள் வளையத்துக்குக் கீழே உதவிக்கு நிற்கிறீர்கள். எதிரணி பந்தை மூலைக்கு வீசுகிறது. அங்கே நிற்பவன் உங்கள் ஆள். பந்து காற்றில் இருக்கும்போதே நீங்கள் கிளம்பினீர்களா, அவன் கையில் பந்து விழுந்த பிறகு கிளம்பினீர்களா? முதலில் இரண்டு மூன்று நீண்ட எட்டு, அவனை நெருங்கியதும் குதிகால் தரையில் படாமல் குறுகுறுவென்று சின்ன எட்டுகள், இடுப்பு தாழ்ந்து, ஒரு கை அவன் பார்வையை மறைக்கிற உயரத்தில். அவன் எறிவதுபோல் பாசாங்கு காட்டினால் நீங்கள் குதிக்கக் கூடாது. குதித்தால் உங்களைத் தாண்டி அவன் உள்ளே போய்விடுவான். உங்கள் அணியின் மற்ற நான்கு பேரும் இடம் பெயர வேண்டிவரும். அவன் எறிந்துவிட்டால், பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்காமல் திரும்பி, உங்கள் முதுகால் அவனை மறித்து, ரீபவுண்டுக்கு, அதாவது வளையத்தில் விழாமல் திரும்பி வரும் பந்துக்கு, வழியடைக்க வேண்டும். இதை ஒருமுறை யாரும் செய்வார்கள். இரண்டு மணி நேரத் தேர்வின் கடைசிப் பத்து நிமிடத்தில், நெஞ்சு அடைக்கும்போது, முதல் நிமிடத்தில் செய்ததுபோலவே செய்கிறவனின் பெயருக்குப் பக்கத்தில்தான் என் பேனா நிற்கும்.

உங்கள் கடிதத்தில் தற்காப்பு என்ற சொல்லே இல்லை, தம்பி. ஸ்கிரீன் (சக ஆட்டக்காரனைத் தடுப்பவனின் வழியை உடலால் மறித்து நிற்பது) போட்டுக் கொடுத்தேன், சக ஆட்டக்காரனுக்குக் குரல் கொடுத்தேன் என்றும் இல்லை. 20 புள்ளி, தலைவன், அதிகப் புள்ளி, இவ்வளவுதான் இருக்கிறது. கல்லூரி அணியில் பந்து உங்கள் கையில் இருந்தது. உங்களைச் சுற்றியே ஆட்டம் நடந்தது. கிளப் அணியில் பந்து இருக்கப்போவது வெளிநாட்டு ஆட்டக்காரரிடமும் ஆட்டத்தை நடத்தும் அனுபவமுள்ள பாயிண்ட் கார்டிடமும். உங்களுக்கு ஆரம்பத்தில் கிடைக்கக்கூடியது எட்டோ பத்தோ நிமிடம். அதில் பந்து உங்கள் கையைத் தொடுவது ஒரு சில தடவை, ஒவ்வொரு முறையும் இரண்டு வினாடி. அறுவடைக்குப் போகும் கூட்டத்தில் எல்லோரும் அரிவாள்தான் பிடிப்பேன் என்றால் உதிரிப் பழத்தைப் பொறுக்குவது யார் என்று உங்கள் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள்.

நம்மவன் என்பதால் ஒதுக்கினார்களா என்ற கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். அப்படிப்பட்டவர்கள் எங்குமே இல்லை என்று சொன்னால் நீங்களே என்னை நம்பமாட்டீர்கள். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் கண்முன்னே இருக்கிறது. இந்த நாட்டில் கூடைப்பந்து சீனப்பள்ளிகளிலும் புதுக்கிராமங்களிலும் வேர்விட்ட விளையாட்டு. பள்ளி வளாகத்திலேயே திடல், பள்ளி விட்டதும் பயிற்சி, எட்டு ஒன்பது வயதில் தொடக்கம். நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது பந்து உதைக்கும் திடல். அதில் பெருமைக்குரிய வரலாறு உண்டு. ஆனால் கூடைப்பந்துக்கு அது உதவாது. நீங்கள் 16 வயதில் தொடங்கினீர்கள். உங்களோடு தேர்வில் நின்றவர்களில் பலருக்கு அந்த வயதிலேயே ஏழெட்டு ஆண்டு அனுபவம் இருந்திருக்கும். அவ்வளவு தாமதமாகத் தொடங்கி அணித்தலைவராக ஆகியிருக்கிறீர்கள் என்பது சாதாரணமல்ல. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு சிறு காரியம் செய்யுங்கள். தற்காப்பில் பயன்படும் சொற்களை, வலப்பக்கம், இடப்பக்கம், ஸ்கிரீன் வருகிறது, ஆள் மாற்று, உதவிக்கு நான் இருக்கிறேன் போன்றவற்றை மாண்டரினில் கற்றுக்கொள்ளுங்கள். உள்ளூர்க் கிளப்புகளில் திடலில் ஒலிக்கும் மொழி பெரும்பாலும் அதுதான். இடையிடையே ஆங்கிலமும் மலாயும். அந்தச் சொற்களை உரக்கச் சொல்லும் தமிழ்ப் பையனை எந்தப் பயிற்றுநரும் மறக்கமாட்டார்.

பயிற்சியைப் பொறுத்தவரை, இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள்: மூலையிலிருந்து மூன்று புள்ளி எறிதல், அதோடு நான் மேலே சொன்ன தற்காப்பு. ஃபீபா திடலில் மூன்று புள்ளிக் கோடு நேர் எதிரே 6.75 மீட்டர், மூலையிலோ 6.60 மீட்டர்தான். ஊர்த் திடல்களில் பழைய கோடு அழியாமல் இருக்கும், அல்லது கோடே இருக்காது. அளவுநாடா எடுத்துக்கொண்டுபோய் வளையத்தின் நடுப்புள்ளிக்கு நேர்கீழே இருந்து அளந்து ஒட்டுநாடா ஒட்டுங்கள். வளையம் 3.05 மீட்டரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில திடல்களில் தொங்கித் தொங்கித் தாழ்ந்துபோயிருக்கும், அதில் பழகினால் கை கெட்டுவிடும். யாராவது ஒருவரைப் பந்து வீசச் சொல்லி, ஓடிவந்து பிடித்து, தட்டாமல் எறியுங்கள். தடுப்பார் இல்லாதபோது 100-க்கு 70 விழவில்லை என்றால், ஆள் எதிரே நிற்கும்போது 30 விழுவதே கடினம். ஒவ்வொரு நாளும் எத்தனை விழுந்தது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். சிமெண்டுத் தரையில் தினமும் குதிக்க வேண்டாம். ஓட்டப் பயிற்சியைப் புல்லில் வைத்துக்கொண்டால் முழங்கால் தப்பிக்கும்.

இனி ஆலை வேலை. அப்பா சொல்வதுதான் சரி. சேருங்கள். கனவை விட்டுக்கொடுக்கச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நம் நாட்டில் கூடைப்பந்தை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் மிகச் சிலர். வேலையும் ஆட்டமுமாக ஓடுகிறவர்களே அதிகம். லீக்குகளும் நிலையானவை அல்ல. 2009-இல் தொடங்கிய ஆசியான் கூடைப்பந்து லீக்கில் நம் கோலாலம்பூர் டிராகன்ஸ், அப்போது வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ் என்ற பெயரில், 2016-இல் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸை வென்று வாகை சூடியது. நான்கே ஆண்டில் கோவிட் வந்து அந்த லீக் பருவத்தின் நடுவிலேயே நின்றுபோனது. அன்று மாதச் சம்பளம் உள்ள இன்னொரு வேலை கையில் இருந்தவன் மூச்சு விட்டான்.

உங்கள் படிப்புக்குச் செம்பனை ஆலையில் இன்னொரு கதவும் உண்டு. கொதிகலன் இருக்கும் இடத்தில் தகுதிச் சான்றிதழ் பெற்ற நீராவிப் பொறியாளர் இருந்தாக வேண்டும். பணி அனுபவம் சேர்த்துத் தேர்வெழுதினால் அந்தச் சான்றிதழ் உங்களுக்கும் கிடைக்கும். அது உள்ளவரை வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் சேரும்போதே மேலாளரிடம் மனம் திறந்து பேசுங்கள். எந்த ஷிஃப்ட், வார இறுதியில் விடுப்பு உண்டா என்று கேளுங்கள். ஆண்டின் பிற்பாதியில் விளைச்சல் ஏறும்போது ஆலை இரவும் பகலும் ஓடும். அந்த மாதங்களில் உங்களால் பயிற்சிக்குச் சரியாகப் போக முடியாது. அதைக் கிளப்பிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரவு ஷிஃப்ட் முடித்த காலையில் கடும்பயிற்சி வேண்டாம், தூங்குங்கள்.

கிளப் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. உங்கள் மாநிலத்திலேயே என்.எஸ். மேட்ரிக்ஸ் கிளப் இருக்கிறது. அங்கேயோ வேறெங்கோ, ஒப்பந்தம் கேட்டுப் போகாதீர்கள். பயிற்சியில் எதிரணியாக நிற்க ஆள் வேண்டுமா என்று கேட்டுப் போங்கள். பத்துப் பேர் இல்லாமல் முழுத்திடல் பயிற்சி நடக்காது. காயம், வேலை, தேர்வு என்று யாராவது வராமல்தான் இருப்பார்கள். அந்த இடத்தில் நின்று மாதக்கணக்கில் சலிக்காமல் ஓடுகிறவனைப் பயிற்றுநர் தானாகவே கவனிப்பார். நெகிரி செம்பிலான் கூடைப்பந்துச் சங்கத்தோடும் தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள். மாநில அளவிலான தேர்வுகளும் திறந்த போட்டிகளும் அவர்கள் மூலம்தான் தெரியவரும்.

கிளப்பே இல்லாமல் ஆடக்கூடிய வழி மூவர் கூடைப்பந்து. டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட ஆட்டம். பாதித் திடல், ஒரே வளையம், மூன்று பேர், மாற்றாட்டக்காரர் ஒருவர். பத்து நிமிடம் அல்லது முதலில் 21 புள்ளி. பந்து கைக்கு வந்ததும் 12 வினாடிக்குள் எறிந்தாக வேண்டும். பகாவிலிருந்தே நண்பர்கள் மூன்று பேரைச் சேர்த்துப் பெயர் கொடுக்கலாம். அதில் ஒளிந்துகொள்ள இடமில்லை. தற்காப்புத் தெரியாதவன் முதல் இரண்டு நிமிடத்திலேயே தெரிந்துவிடுவான். உங்களுக்கு இப்போது வேண்டியது அதுதான்.

இரண்டு முழுப் பருவங்கள் இப்படி முயலுங்கள். 25 வயதில் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். அதற்குள் ஒரு கிளப்பின் பயிற்சிக் குழுவில்கூட நிரந்தர இடம் கிடைக்கவில்லை என்றால், வார இறுதிப் போட்டிகளில் மகிழ்ச்சியாக ஆடுங்கள். ஆலையில் சான்றிதழுக்குப் படியுங்கள். அந்த முடிவை அப்பாவிடம் இப்போதே தேதி போட்டுச் சொல்லிவிட்டால் வீட்டில் தினமும் நடக்கும் வாக்குவாதம் குறையும். முடிவில்லாமல் காத்திருப்பதைத்தான் பெற்றோரால் தாங்க முடியாது. தேதி தெரிந்த காத்திருப்பை அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

ஒப்பந்தம் என்று ஒன்று வந்தால், சேமநிதிக்கும் சமூகப் பாதுகாப்பு நிதியான சொக்சோவுக்கும் கிளப் பணம் கட்டுகிறதா, காயம்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, பருவம் நடுவில் நின்றால் மீதிச் சம்பளம் உண்டா என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்வார்த்தைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்த தேர்வுக்குப் போகுமுன் நீங்கள் ஆடிய ஒரு முழு ஆட்டத்தின் பதிவை எனக்கு அனுப்புங்கள். புள்ளி எடுத்த இடங்களை மட்டும் வெட்டி ஒட்டித் தொகுப்பாக அனுப்ப வேண்டாம். பயிற்றுநர்கள் அதை நம்புவதில்லை. உங்கள் அணி பந்தை இழந்த பிறகு நீங்கள் எவ்வளவு வேகமாகத் திரும்பி ஓடுகிறீர்கள் என்பது தெரிகிற மாதிரி, மேலே படிக்கட்டில் நின்று, திடல் முழுவதும் சட்டத்துக்குள் வரும்படி யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு எந்த நிமிடத்தில் எதைத் திருத்த வேண்டும் என்று எழுதி அனுப்புகிறேன்.